உடம்பில் ஏறாத மஞ்சள்

ஈரோட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வைத்திருக்கும் சாம்பிளிலிருந்து வியாபாரி ஒரு விரலியை எடுத்தால், முதல் வேலையாக அதை ஒடித்துப் பார்ப்பார். பதமாக வெந்து நன்றாகக் காய்ந்த விரலி, உலோகம் முறிவது போன்ற சத்தத்தோடு இரண்டாகும். உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள் தெரிய வேண்டும். வெளுத்திருந்தாலோ கறுத்திருந்தாலோ விலை இறங்கும். அந்த நிறத்துக்குக் காரணமான பொருள் குர்குமின். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளில் நூற்றுக்கு இரண்டரை முதல் நாலரைப் பங்குதான் அது இருக்கிறது. மீதியெல்லாம் மாவுச்சத்து, நார், எண்ணெய், கொஞ்சம் புரதம், கொஞ்சம் ஈரம். ஈரோட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோவையில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் இதே குர்குமின் வேறு வடிவத்தில் கிடைக்கும். ஐந்நூறு மில்லிகிராம் கேப்சூல், தொண்ணூற்றைந்து சதவீதச் செறிவு, கூடவே மிளகுச் சத்து. சர்க்கரை வியாதி, மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு என்று ஆயுள் முழுக்கத் தொடரும் நோய்களுக்கு வைத்தியம் பார்க்கக் கோவைக்கு வருகிறவர்களில் பலர், டாக்டர் எழுதிய மாத்திரைகளோடு இதையும் சேர்த்து வாங்குகிறார்கள். வாங்கும்போது மனதில் இருப்பது ஒன்றே: நம் மஞ்சள்தானே, என்ன செய்துவிடப் போகிறது?

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. விற்பனைக்கூடத்தில் ஒடிபடும் விரலியும் குப்பிக்குள் இருக்கும் கேப்சூலும் பெயரளவில்தான் ஒன்று. மஞ்சள் தலைமுறை தலைமுறையாக நமக்குத் தீங்கு செய்யாமல் இருந்ததற்கு முக்கியமான காரணம், அதன் குர்குமின் உடம்பில் ஏறுவதே இல்லை என்பது. தீராத நோய்களைத் தீர்க்காமல் இருந்ததற்கும் அதே காரணம்தான். பாதுகாப்பும் பலனின்மையும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கேப்சூல் சொல்கிறது. அது நடக்குமா என்று பார்ப்போம்.

முதலில் அடுப்படிக் கணக்கு. குழம்பு, ரசம், பொரியல், எப்போதாவது ஒரு டம்ளர் மஞ்சள் பால் எல்லாம் சேர்த்து ஓர் ஆள் வயிற்றுக்கு ஒரு நாளில் இரண்டு கிராம் மஞ்சள் தூள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று வீதம் போட்டால் குர்குமின் 60 மில்லிகிராம். ஐந்நூறு மில்லிகிராம் கேப்சூல் ஒன்றிலோ ஏறத்தாழ 475 மில்லிகிராம். அதை மஞ்சள் தூளாக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட பதினாறு கிராம். மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அளவு பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிராம் குர்குமின். மூன்று கிராம் என்றால் மளிகைக் கடையின் நூறு கிராம் மஞ்சள் தூள் பாக்கெட் முழுசாக ஒன்று, தினமும், ஒரே ஆளுக்கு. எந்தப் பாட்டியும் அப்படிச் சமைத்ததில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, உணவுக்கு நிறமேற்றும் பொருள் என்ற முறையில் குர்குமினுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு மூன்று மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொள்ளலாம். அறுபது கிலோ ஆளுக்கு அது 180 மில்லிகிராம். நம் சமையல் அந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. ஒரே ஒரு கேப்சூல் அதை இரண்டரை மடங்கு தாண்டுகிறது. ஆகவே ஆயிரம் ஆண்டு அனுபவம் என்று நாம் எதைச் சொன்னாலும் அது அறுபது மில்லிகிராம் அனுபவம்தான். அதை வைத்து ஆயிரம் மில்லிகிராமுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

அடுத்தது, ஏறாமை. இதை விளக்க ஆய்வகம் வேண்டாம், ஆரத்தித் தட்டு போதும். தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சள் தூளைப் போட்டால் அது கரைவதில்லை. கலங்கி நின்று, கொஞ்ச நேரத்தில் அடியில் படிகிறது. அதே தூள் வாணலியில் காய்ந்த எண்ணெயில் பட்டால் எண்ணெய் முழுக்க நிறம் பிடித்துவிடும். குர்குமின் எண்ணெயின் சொந்தம், தண்ணீருக்கு அந்நியம். நம் இரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். இனி தட்டில் துளி சுண்ணாம்பைக் கரைத்தால் மஞ்சள் நீர் குங்குமச் சிவப்பாக மாறுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் குர்குமின் மூலக்கூறு தன் ஹைட்ரஜன் அணுவை அயனியாக இழப்பதால் வரும் சிவப்பு அது. இழந்த பிறகு அது நிலையாக இருப்பதில்லை, சிதையத் தொடங்குகிறது. இத்தனை காரமும் தேவையில்லை. நடுநிலையைச் சற்றே தாண்டிய 7.2 அமில-காரக் குறியீடு கொண்ட கரைசலில், உடல் வெப்பத்தில் வைத்தாலே அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு குர்குமின் காணாமல் போகிறது. நம் இரத்தத்தின் குறியீடு 7.4. இரத்தத்திலுள்ள புரதங்கள் இந்தச் சிதைவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் இரத்தம் வரை வந்து சேர்வது எவ்வளவு என்பதல்லவா முன்கேள்வி?

மிகமிகக் கொஞ்சம். விழுங்கிய குர்குமினில் பெரும்பங்கு குடலைத் தாண்டாமலே மலத்தோடு போகிறது. குடல் சுவருக்குள் நுழையும் சொற்பத்தையும் அங்குள்ள நொதிகளும் கல்லீரலும் உடனே வேறு மூலக்கூறுகளோடு பிணைத்து, வெளியேற்ற வசதியான பொருளாக்கிவிடுகின்றன. வெளியிலிருந்து வரும் அந்நியப் பொருளை உடம்பு இப்படித்தான் கையாளும். தைவானில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் நாளொன்றுக்கு எட்டு கிராம் வரை குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் கொடுக்க முடியவில்லை; அத்தனை பெரிய அளவை விழுங்க ஆட்களால் ஆகவில்லை. அந்த எட்டு கிராமுக்கும் இரத்தத்தில் தெரிந்த உச்ச அளவு, ஆய்வகக் கண்ணாடித் தட்டுகளில் புற்றணுக்களைக் கொல்லப் பயன்படுத்தும் அளவுகளில் பலவற்றைவிடக் குறைவு. எட்டு கிராம் குர்குமினை அடுப்படிக் கணக்குக்குக் கொண்டுவந்தால் கால் கிலோவுக்கு மேற்பட்ட மஞ்சள் தூள்.

அப்படியானால் குர்குமின் புற்றுநோயை அடக்குகிறது, வீக்கத்தைத் தணிக்கிறது, சர்க்கரையைக் குறைக்கிறது என்று வந்து குவிந்திருக்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் பொய்யா? பொய் என்று ஒட்டுமொத்தமாகத் தள்ள வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை எங்கே நடந்தவை என்று பார்த்தால் போதும். அவை கண்ணாடித் தட்டிலும் எலியிலும் நடந்தவை. கண்ணாடித் தட்டில் குர்குமினுக்கு ஒரு விசேஷமான சாமர்த்தியம் உண்டு. அதுவே நிறமுள்ள பொருள், புற ஊதா ஒளியில் தானே ஒளிர்கிறது, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது, கண்ட புரதத்திலும் ஒட்டிக்கொள்கிறது. மருந்துச் சோதனைகள் பலவும் நிறமாற்றத்தையோ ஒளிர்வையோ அளந்துதான் "வேலை செய்கிறது" என்று முடிவு சொல்கின்றன. மஞ்சள் அரைத்த கையோடு வீட்டில் எதைத் தொட்டாலும் கறை படியும். கறையை எண்ணி, இந்தக் கை எத்தனை வேலை செய்திருக்கிறது பார் என்று வியந்தால் எப்படி? வேதியியலர்கள் இத்தகைய ஏமாற்று மூலக்கூறுகளுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். 2017-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய விரிவான மதிப்பீடு, அந்தப் பட்டியலின் முதன்மையான உதாரணங்களில் ஒன்றாகக் குர்குமினைக் காட்டியது. நிலையற்றது, வினைபுரியும் தன்மையது, உடம்பில் ஏறாதது. ஆகவே நல்ல மருந்துக்கான தொடக்கப் புள்ளியாக இருக்க வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் தீர்ப்பு. இதோடு ஒரு சங்கடமான செய்தியையும் சேர்க்க வேண்டும். குர்குமின் ஆராய்ச்சியின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான அமெரிக்காவின் பரத் அகர்வாலின் கட்டுரைகள் ஏறக்குறைய முப்பது, படங்களிலும் தரவுகளிலும் எழுந்த ஐயங்களால் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டி எழுதப்பட்ட மற்றக் கட்டுரைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது, ஏனென்றால் எல்லாமே தோல்வி இல்லை. பெருங்குடலில் புண் உண்டாகி இரத்தமும் சளியுமாகப் போகும் ஒரு நீண்டகால நோய் இருக்கிறது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்பார்கள். அது அடங்கியிருக்கும் நிலையில் இருந்த 89 நோயாளிகளை வைத்து ஜப்பானில் ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளியானது. வழக்கமான மருந்தோடு ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராம் குர்குமின், மறு பிரிவினருக்குப் போலி மாத்திரை. ஆறு மாதத்தில் குர்குமின் பிரிவில் 43 பேரில் இருவருக்கும், போலி மாத்திரைப் பிரிவில் 39 பேரில் எட்டுப் பேருக்கும் நோய் திரும்பியது. 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வில் நோய் மிதமாக இருந்த 50 பேருக்கு ஒரு மாதம் மூன்று கிராம் வீதம் கொடுத்ததில், குர்குமின் பெற்ற 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. போலி மாத்திரை பெற்ற 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை. டெல்லி எய்ம்ஸில் 62 பேரிடம் 450 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் முயன்றபோது பலன் தெரியவில்லை. ஆக, அளவு முக்கியம். அதைவிட முக்கியமானது இடம். இந்த நோய் இருப்பது குடலில். குர்குமின் எங்கே தங்கி, எங்கே வீணாகிறது என்று சற்று முன் குறை சொன்னோமோ, அதே இடத்தில்தான் இங்கே புண். இரத்தத்தில் ஏற வேண்டிய அவசியமே இல்லை; வெளியே பூசும் களிம்பைப் போல நேராகப் புண்ணில் படுகிறது. வாயில் வெண்படலம் படரும் லுகோபிளேக்கியா என்ற புற்றுநோய் முன்நிலைக்குக் கேரளத்தில் 223 பேரிடம் 3.6 கிராம் வீதம் ஆறு மாதம் நடத்திய ஆய்விலும், படலம் சுருங்கியவர்கள் போலி மாத்திரைப் பிரிவில் 55 சதவீதம், குர்குமின் பிரிவில் 67 சதவீதம். அற்புதம் இல்லை, ஆனாலும் ஏதோ இருக்கிறது.

மூட்டுவலி இரண்டும் கெட்டான் நிலை. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானமுள்ள 367 பேரிடம் நான்கு வாரம் நடந்த ஆய்வில், மஞ்சள் சாறு வலியைக் குறைப்பதில் ஐபுபுரூபனுக்குச் சளைக்கவில்லை, வயிற்றுத் தொந்தரவும் குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடந்து 2020-ல் வெளியான ஆய்விலும் வலி கொஞ்சம் குறைந்தது. நூறு புள்ளி அளவுகோலில் போலி மாத்திரையைவிட ஒன்பது புள்ளி. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது மூட்டுக்குள் கோத்திருந்த நீரின் அளவில் வித்தியாசம் இல்லை. குர்குமின் வீக்கத்தின் வேரை அறுக்கிறது என்ற விளம்பரத்துக்கு இந்தப் படம் ஒத்துழைக்கவில்லை. வலி குறைந்தால் சரி, படம் எதற்கு என்று முழங்கால் பிடித்துக்கொண்டு படியேறும் ஒருவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. வலிக்காக, குறுகிய காலத்துக்கு, டாக்டருக்குத் தெரிந்து ஒருவர் இதை எடுத்துக்கொண்டால் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குடலையும் வாயையும் தாண்டி, இரத்தம் வழியாகப் பயணம் போய்ச் சேர வேண்டிய உறுப்புகளில் கதை வேறு. சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம், சர்க்கரை நோயாளிகள் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். ஈரானில் 2011-ல் வெளியான ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்த 40 பேருக்கு இரண்டு மாதம் மஞ்சள் கேப்சூல் கொடுத்ததும் சிறுநீரில் புரதம் கசிவது குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு கேப்சூலில் இருந்த குர்குமின் வெறும் 22 மில்லிகிராம். நாற்பது பேர், இரண்டு மாதம், நல்ல முடிவு. மருந்து ஆராய்ச்சியில் இது மிகப் பழக்கமான தொடக்கம். பாதி நம்பிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். பிறகு கனடாவில் 519 சிறுநீரக நோயாளிகளிடம், உடம்பில் நன்றாக ஏறுவதற்கென்றே நுண்துகளாக்கிய குர்குமினை ஆறு மாதம் கொடுத்துச் சோதித்தார்கள். புரதக் கசிவும் குறையவில்லை, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் காக்கப்படவில்லை. அதே நாட்டில் பத்து மருத்துவமனைகளில், வயிற்றின் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட 606 பேருக்கு அறுவைக்கு முன்னும் பின்னுமாக எட்டு வேளை, வேளைக்கு இரண்டு கிராம் குர்குமின் கொடுத்த ஆய்வு 2018-ல் வெளியானது. சிறுநீரகத்தைக் காக்கும் என்று எதிர்பார்த்தார்கள். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது போலி மாத்திரைப் பிரிவில் 10 சதவீதம் பேருக்கு, குர்குமின் பிரிவில் 17 சதவீதம் பேருக்கு. மூளையிலும் இதே கதைதான். அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் 24 வாரம் நடத்திய ஆய்வில் பலன் ஒன்றும் தெரியவில்லை. இரத்தத்தில் தேடியபோது கிடைத்த குர்குமின் மிகக் குறைவு.

ஏறவில்லை என்பதுதானே சிக்கல், ஏறவைத்துவிட்டால்? கேப்சூலில் பைப்பரின் என்ற மிளகுச் சத்து சேர்ப்பது இதற்காகத்தான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல், இரண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்காகிறது என்று காட்டினார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் இன்றைய சந்தை நிற்கிறது. இருபது மடங்கு என்பது கேட்கப் பெரிது. பூஜ்யத்தை ஒட்டிய ஓர் அளவின் இருபது மடங்கு அது, அதுவும் ஓரிரண்டு மணி நேரத்துக்கு மட்டும். பைப்பரினை மட்டும் அடுப்படியில் தேடினால் எட்டுப் பத்து மிளகில் கிடைத்துவிடும். அதோடு சேர வேண்டிய இரண்டு கிராம் குர்குமினுக்குத்தான் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும். பைப்பரின் இதை எப்படிச் சாதிக்கிறது என்பது அதைவிட முக்கியம். அது குர்குமினுக்குத் தனியாகக் கதவு திறப்பதில்லை. குடலும் கல்லீரலும் அந்நியப் பொருள்களைப் பிணைத்து வெளியேற்றும் வேலையையே மந்தப்படுத்துகிறது. காவல்காரரைத் தூங்க வைத்தால் நமக்கு வேண்டியவர் மட்டும் உள்ளே வருவார் என்பதற்கு என்ன உறுதி? இதன் வலிமைக்கு நம் நாட்டிலேயே அரசு ஒப்புதல் பெற்ற சாட்சி இருக்கிறது. 2009-ல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட ஒரு காசநோய்க் கூட்டு மாத்திரையில், வழக்கமாக 450 மில்லிகிராம் தரவேண்டிய ரிஃபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறார்கள். உடன் சேர்த்தது பத்தே மில்லிகிராம் பைப்பரின். ஒரு மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவரக்கூடிய பொருள், சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு என்று நான்கைந்து மாத்திரை போடுகிறவரின் வயிற்றுக்குள் யாருக்கும் தெரியாமல் போகிறது. வலிப்புக்கான ஃபெனிடாயினும், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலாலும் பைப்பரினோடு சேர்ந்தால் இரத்தத்தில் கூடுதலாக ஏறுவதை இந்திய ஆய்வாளர்களே பல ஆண்டுகளுக்கு முன் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஏறவைத்ததன் விலை கல்லீரலில் தெரியத் தொடங்கியிருக்கிறது. 2018, 2019-ல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்தவர்களிடம் கொத்தாக மஞ்சள் காமாலை தெரிய, சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. மஞ்சளால் மஞ்சள் காமாலை என்பது தமிழில் வாய்க்கும் கசப்பான சிலேடை. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் சப்ளிமென்டால் நேர்ந்தவை என்று பத்துப் பேரின் விவரங்களை 2022-ல் வெளியிட்டது. ஐந்து பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, ஒருவர் இறந்துபோனார். பத்துப் பேரில் ஏழு பேரிடம் நோய் எதிர்ப்போடு தொடர்புடைய ஒரே மரபணு வகை இருந்தது. அது இருப்பவர்களின் கல்லீரல் இதைத் தாங்குவதில்லை போலும். 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. கோடிக்கணக்கானோர் விழுங்குவதில் பத்துப் பேர் என்ன பெரிது என்று கேட்கலாம். சரியான கேள்விதான், இது அரிய ஆபத்து. ஆனால் அரிய ஆபத்தைத் தாங்கிக்கொள்வதற்கு எதிரே உறுதியான பலன் ஒன்று இருக்க வேண்டும். சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தத் தட்டு காலியாக இருக்கிறது.

மரபின் பெயரால் வரும் ஆட்சேபத்துக்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் மஞ்சளைக் கொண்டாடவில்லையா? கொண்டாடின. எப்படிப் பயன்படுத்தின என்பதைப் பார்த்தால் மரபு கேப்சூலின் பக்கம் நிற்கவில்லை. சேற்றுப்புண்ணுக்கும் சிரங்குக்கும் அரைத்துப் பூசுவது, வேப்பிலையோடு சேர்த்து அம்மை இறங்கியவரைக் குளிப்பாட்டுவது, சுளுக்குக்குப் பற்றுப் போடுவது, சளிக்கு விரலியைச் சுட்டுப் புகை பிடிப்பது, வயிற்றுக்குக் கஷாயத்தில் ஒரு பங்கு. பெரும்பாலும் தோல், தொண்டை, மூக்கு, குடல். மருந்து நேரே போய்ப் படும் இடங்கள். பண்ணாரி, கொடுமுடி கோயில்களில் மஞ்சள் நீருக்கு இருக்கும் இடம் வழிபாட்டின் பாற்பட்டது. அதை ஆய்வகத்துக்கு இழுப்பது இரண்டுக்கும் மரியாதை இல்லை. குர்குமினை மட்டும் கரைப்பான் கொண்டு பிரித்து, தொண்ணூற்றைந்து சதவீதமாக்கி, தீராத நோய்க்கு ஆண்டுக்கணக்கில் விழுங்குவது எந்தச் சித்தரும் சொன்ன வழி இல்லை. அது 1815-ல் ஐரோப்பிய வேதியியலர்கள் அந்த மஞ்சள் பொருளைப் பிரித்தெடுத்ததோடு தொடங்கிய வழி. நவீன வேதியியலின் குழந்தைக்கு நவீன மருத்துவத்தின் சோதனையை வைக்கக் கூடாது, மரபின் மரியாதையை மட்டும் கொடு என்பது இரண்டு பக்கமும் லாபம் பார்க்கும் பேச்சு.

காப்புரிமை கிடைக்காத பொருள், அதனால்தான் மருந்துக் கம்பெனிகள் இதைச் சோதிக்காமல் அமுக்குகின்றன என்பது இன்னோர் ஆட்சேபம். இதற்கு ஊக்கம் தருவது ஒரு பெருமிதக் கதை. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. மஷேல்கர் தலைமையில் இருந்த நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல் சான்றுகளை அடுக்கி வழக்காடி, 1997-ல் அதை ரத்துசெய்ய வைத்தது. வெற்றிதான். ஆனால் அந்த வழக்கு முடிவு செய்தது, அந்த முறை புதிதல்ல என்பதை மட்டுமே. அது பலிக்கிறதா என்பது அங்கே கேள்வியாகவே வரவில்லை. சோதனையே நடக்கவில்லை என்பதும் சரியில்லை. மனிதர்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தாகிவிட்டன. நுண்துகள், பாஸ்போலிப்பிட் கலவை என்று குர்குமினை உடம்பில் ஏற்றும் வித்தைகளுக்குக் காப்புரிமைகளும் வாங்கியிருக்கிறார்கள். இந்தச் சந்தையில் பணத்துக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக, யாராலும் எளிதில் தள்ள முடியாத சாட்சி: எனக்குக் கேட்டது. நீண்டகால நோய்களின் குணம் ஏறி இறங்குவது. முழங்கால் வலி மார்கழியில் வாட்டும், பங்குனியில் விட்டுக்கொடுக்கும். புதிதாக ஒன்றை வாங்கிச் சாப்பிடத் தோன்றுவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும், இறக்கம்தான். அந்த இறக்கத்தில் கையில் இருந்த குப்பிக்குப் பெயர் கிடைக்கிறது. லுகோபிளேக்கியா ஆய்வில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேல் முன்னேறினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒவ்வொருவரும் எனக்குக் கேட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதில் பொய்யும் இல்லை.

எதிர்ப்பக்கத்தாரும் ஒரு தவறு செய்வதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். தினம் மஞ்சள் தின்கிற, மஞ்சள் விளைகிற நாட்டிலேயே இந்த நிலை என்றால் மஞ்சளுக்குச் சக்தி எங்கே என்று கேலி செய்வார்கள். நான் அந்த வாதத்தை ஏற்கமாட்டேன். இந்தியாவில் அல்சைமர் குறைவாகத் தெரிவதற்கு மஞ்சள்தான் காரணம் என்று மறுதரப்பு சொல்வது எவ்வளவு பலவீனமோ அவ்வளவு பலவீனம் இதுவும். ஒரு மாநிலத்துக்கும் இன்னொரு மாநிலத்துக்கும் நடுவே அரிசியும் உழைப்பும் வயதும் மரபணுவும் மருத்துவ வசதியும் மாறுகின்றன. அவற்றுக்கிடையே ஒரு சிட்டிகை மஞ்சளைப் பிரித்தெடுத்து வாழ்த்தவோ வையவோ முடியாது.

ஆக, யார் கவனமாக இருக்க வேண்டும் என்பது ஓரளவு தெளிவு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு மருந்து சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் ஏற்கெனவே நலிந்தவர்கள், மஞ்சளில் ஆக்சலேட் இருப்பதால் சிறுநீரகக் கல் வந்து வந்து போகிறவர்கள். இவர்கள் கேப்சூலின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. எடுத்தே தீருவேன் என்பவர், டாக்டர் "வேறென்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்கும்போது இதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பலர் சொல்வதில்லை, மஞ்சளை மாத்திரை என்று யாரும் எண்ணுவதில்லை என்பதால்.

அடுப்படி மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை எதுவும் பொருந்தாது. அங்கே கவலைப்பட வேண்டியது குர்குமினைப் பற்றியே இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையமும் கோ 1, பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 என்று ரகம் ரகமாக வெளியிட்டும், சந்தையில் மஞ்சளுக்கு விலை வைப்பது கண்தான். கண்ணுக்கு விருந்து வைக்க, வங்கதேசத்தில் பல்லாண்டுகளாக விரலியை மெருகேற்றும்போது ஈய குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்துவந்தார்கள். 2019-ல் ஆய்வாளர்கள் அதை அம்பலப்படுத்தி, அரசு அபராதமும் சோதனையுமாக இறங்கியதும், சந்தை மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021-க்குள் காணாமல் போனது. இந்தியா உள்ளிட்ட நான்கு தெற்காசிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகளைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வு, ஏழில் ஒன்றில் கவலைப்படும்படி ஈயம் இருப்பதாகச் சொன்னது. பாட்னாவில் கிடைத்த அளவுகள் மிக மோசம். இந்தியச் சட்டம் மஞ்சளில் அனுமதிக்கும் ஈயம் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம். குர்குமினைப் போல ஈயம் வந்த வழியே வெளியேறிவிடுவதில்லை. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதை அதிகம் உறிஞ்சும். உறிஞ்சியது எலும்பில் போய்ப் பல்லாண்டுகள் தங்கும். விரலி வாங்கும்போது உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். பளீரென்று எலுமிச்சை மஞ்சளில் கையெல்லாம் ஒட்டினால் வேறு கடை பார்க்கலாம். கொப்பரையில் வெந்து, களத்தில் காய்ந்து, மெருகேறாமல் வரும் விரலி மண் நிறத்தில், சொரசொரவென்று, பார்க்கக் கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும்.